சீழ்க்கட்டி குளிசைக்கு அடங்கவில்லையா? வன்னியில் இருப்பவர்களுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. வழிகாட்டி

என் அண்ணருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக்கால் போடும் இடத்தில் ஒரு கட்டி வந்து, பழுத்து, உடைந்து, ஆறியதுபோல் இருந்தது. பிறகு நாலு விரல் தள்ளி இன்னொன்று வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு குளிசை தந்தார்கள். சீழை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்ன வைத்தியரிடம் போய்ச் சேரும்வரை அது எம்.ஆர்.எஸ்.ஏ. என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்குள் அண்ணர் மாதக்கணக்கில் ஊன்றுதடியோடு திரிந்தார், வேலையும் போனது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், துணுக்காய்ப் பக்கம் இருக்கிற மற்றவர்களுக்கு இந்த அலைச்சல் வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. மருந்தைத் தீர்மானிப்பது உங்கள் வைத்தியர். எதைக் கேட்பது, எதைக் கையில் வைத்திருப்பது, எதைச் செய்யாமல் விடுவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியா பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேரின் மூக்கில் ஒரு தொந்தரவும் தராமல் இருக்கும். தோல் வெட்டுப்பட்டால் அல்லது உராய்ந்தால் உள்ளே போய்ச் சீழ் வைக்கும். அதில் பென்சிலின் குடும்ப மருந்துகளுக்கு அடங்காத வகைதான் எம்.ஆர்.எஸ்.ஏ. குளொக்சசிலின், அமொக்சிசிலின், கோ-அமொக்சிகிளாவ், செபலெக்சின் என்று புண்ணுக்கு வழக்கமாக முதலில் எழுதும் மருந்துகள் எதுவும் அதற்கு வேலை செய்யாது. பெரும்பாலும் தொடுகையால்தான் பரவும்: கை, துவாய், சவர அலகு, புண்ணின் கசிவு பட்ட துணி.

1. எப்போது சந்தேகப்படுவது

வன்னியில் திடீரென்று சிவந்து வீங்கி நடுவில் கறுத்த கட்டி வந்தால் "பூச்சி கடிச்சிட்டுது", "சிலந்தி கடிச்சிட்டுது" என்று சொல்லிவிடுவோம். கடித்த பூச்சியைக் கண்ணால் காணவில்லை, தொட்டால் சுடுகிறது, நோவு கூடிக்கொண்டே போகிறது என்றால் அதைச் சீழ்க்கட்டியாக நினைத்துக் காட்டுங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் எம்.ஆர்.எஸ்.ஏ.யையும் மனதில் வையுங்கள்:

- குளிசை தொடங்கி 48 மணித்தியாலமாகியும் நோவும் சிவப்பும் குறையவில்லை
- ஆறிய கட்டி அதே இடத்திலோ பக்கத்திலோ திரும்ப வருகிறது
- வீட்டில் இன்னொருவருக்கும் கட்டி வந்திருக்கிறது
- அண்மையில் வாட்டில் தங்கியிருக்கிறீர்கள், அல்லது சத்திரசிகிச்சை, டயலிசிஸ் நடந்திருக்கிறது

சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். அடுத்த நாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் வைத்தியருக்கு நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை, அவரே பார்த்துக்கொள்வார். செலவில்லாத வேலை, எங்களுக்கு மிகவும் உதவியது.

2. காத்திருக்கக் கூடாத நிலைகள்

நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சு வாங்குதல், தடுமாறிக் கதைத்தல், வீக்கத்துக்குப் பொருந்தாத கடும் நோவு, வேகமாகப் பரவும் சிவப்பு, முகத்தில் மூக்கையும் கண்ணையும் சுற்றி வரும் கட்டி, கட்டியோடு சேர்ந்து முதுகெலும்பு நோவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலை. கைக்குழந்தைக்கும் சுகர்காரருக்கும் சிறிய கட்டியும் அவசரம்தான். வாகனம் இல்லையென்றால் 1990-க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழில் கதைக்கலாம். உள்வீதிகளில் இருப்பவர்கள் பிரதான வீதியிலிருந்து எந்தச் சந்தி, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயில் என்று அடையாளம் சொல்லத் தயாராக இருங்கள். வீதி முகப்பில் ஒருவரை ரோச் லைட்டோடு நிற்கச் சொல்லுங்கள்.

3. மருந்து தொடங்குவதற்கு முன் சீழைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். அன்டிபயோட்டிக் உள்ளே போன பிறகு எடுக்கும் சீழில் கிருமி வளராமல் போகலாம். அப்போது ரிப்போர்ட் "வளர்ச்சி இல்லை" என்று வரும், புண் அப்படியே இருக்கும்.

வைத்தியரிடம் மரியாதையாக இப்படிக் கேளுங்கள்: "டொக்டர், இதை வெட்டி எடுக்கும்போது சீழைக் கல்ச்சருக்கும் ஏ.பி.எஸ்.டி.க்கும் அனுப்ப ஏலுமா?" கல்ச்சர் எந்தக் கிருமி என்று சொல்லும். ஏ.பி.எஸ்.டி. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சொல்லும். இரண்டும் வேண்டும்.

- பழுத்த கட்டிக்கு முதல் சிகிச்சை வெட்டிச் சீழை வெளியே எடுப்பதுதான். உள்ளே சீழ் தேங்கியிருந்தால் நல்ல மருந்தும் அங்கே சரியாகப் போய்ச் சேராது. வெட்டுவதற்குப் பயந்து குளிசை மட்டும் கேட்காதீர்கள்.
- வீட்டில் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். கிருமி இன்னும் ஆழத்துக்குப் போகும்.
- உள்ளேயிருந்து வரும் சீழ்தான் பரிசோதனைக்கு நல்லது. மேல்தோலில் காய்ந்திருப்பதைத் துடைத்து எடுத்தால் தோலில் சும்மா இருக்கும் கிருமிகளும் சேர்ந்து வளர்ந்து குழப்பும்.
- சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்துப் போடுவது, மஞ்சள் அப்புவது, கப்சூலை உடைத்துத் தூளைக் கொட்டுவது ஒன்றும் வேண்டாம். சுண்ணாம்பு தோலைச் சுடும். கொட்டிய தூள் கிருமியைக் கொல்லாது, எதிர்ப்பைத்தான் வளர்க்கும்.
- இளஞ்சூட்டு ஒத்தடம் பிழையில்லை. சுத்தமான துணி, பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம். சுகரால் காலில் விறைப்பு உள்ளவர்கள் சூட்டைக் கையால் பார்க்காமல் வைக்கக்கூடாது. சுட்டாலும் தெரியாது.

வயலில் இறங்குபவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி வயல் மண்ணிலும் சேற்றுநீரிலும் வாழ்வது. இலங்கையிலும் இருக்கிறது, சுகர் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். அதுவும் சீழ்க்கட்டியாக வரலாம், காய்ச்சலாக வரலாம், நிமோனியாவாகவும் வரலாம். அதற்கு மருந்து முற்றிலும் வேறு, மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். கட்டியைக் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, கல்ச்சர்தான் பிரிக்கும். வயல் வேலை செய்பவர் என்றால் அதை வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

4. கொண்டுபோக வேண்டிய கடதாசிகள்

ஒரு பிளாஸ்டிக் பைலில் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். வேறு வேறு இடத்தில் காட்டும்போது ஒருவர் கொடுத்த மருந்து மற்றவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்புவது உங்கள் பைல்தான்.

- தேசிய அடையாள அட்டை, கிளினிக் கொப்பி
- முன்னர் வாட்டில் நின்றிருந்தால் நோய் நிர்ணய அட்டை
- எடுத்த எல்லா அன்டிபயோட்டிக்கின் பெயர், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை. பெயர் தெரியாவிட்டால் வெற்று மட்டையைக் கொண்டுபோங்கள். உறையில் கையால் எழுதிய இரண்டு எழுத்தை வைத்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. பாமசியில் வாங்கும்போதே முழுப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.
- ஒவ்வாமை. "பென்சிலின் ஒத்துவராது", "சல்பா ஒத்துவராது" என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே சிவப்பில் எழுதுங்கள்.
- தினமும் போடும் மற்றக் குளிசைகள். வார்பரின் போடுபவர்கள், லொசாட்டன் அல்லது எனலப்ரில் போடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். எம்.ஆர்.எஸ்.ஏ.க்குக் கொடுக்கும் கோ-ட்ரைமொக்சசோல் வார்பரினோடு சேர்ந்தால் இரத்தம் கசியும் ஆபத்து கூடும். மற்ற இரண்டோடும் சேர்ந்தால் உடலில் பொட்டாசியம் ஏறலாம்.
- அண்மைய சுகர் ரிப்போர்ட்

மாற்றுக் கடிதம் தந்து பெரிய இடத்துக்கு அனுப்பினால் அதை ஒப்படைக்க முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வைத்தியச் சான்றிதழை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், பிறகு கேட்டால் இன்னொரு நாள் போய்விடும்.

5. காசும் நேரமும்

அரச வைத்தியசாலையில் பார்ப்பது, வெட்டுவது, வாட்டில் தங்குவது எல்லாம் இலவசம். அங்கேயே செய்யும் கல்ச்சரும் அப்படித்தான். உங்கள் கையால் போகும் காசு வேறு வழிகளில் போகும்: பஸ், ஓட்டோ, இல்லாத மருந்தை வெளியில் வாங்குவது, மருந்து கட்டும் சாமான், கூட நிற்பவரின் சாப்பாடு, அவர் விடும் நாட்கூலி. தினமும் மருந்து கட்டச் சொன்னால் கிட்டவுள்ள பிரதேச வைத்தியசாலையிலேயே கட்ட ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள். முழங்காவிலிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ தினமும் டவுனுக்கு வரத் தேவையில்லை. இந்த ஒரு துண்டு எங்களுக்கு மிச்சம்பிடித்துத் தந்தது கொஞ்சமல்ல.

கல்ச்சருக்குக் குறைந்தது இரண்டு மூன்று நாள் வேண்டும். கிருமி வளர ஒரு நாள், மருந்துகளோடு வைத்துப் பார்க்க இன்னொரு நாள். சிறிய வைத்தியசாலையில் எடுத்த சீழ் பெரிய இடத்து ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும் என்றால் இன்னும் இழுபடும். இடையில் சனி, ஞாயிறு, போயா வந்தால் அதுவும் சேரும். அதனால் நிலைமை அவசரமில்லை என்றால் திங்கள் அல்லது செவ்வாய் காலையில் போங்கள். வெள்ளி பின்னேரம் போய்ச் சீழ் கொடுப்பது நேரத்தை வீணாக்கும்.

தனியார் ஆய்வுகூடத்தில் கொடுப்பதென்றால் மூன்று கேள்வி கேட்ட பிறகே காசு கட்டுங்கள். சொன்ன விலைக்குள் ஏ.பி.எஸ்.டி.யும் அடக்கமா? பரிசோதனை இங்கேயா, கொழும்புக்கு அனுப்பியா? எந்தத் திகதியில் ரிப்போர்ட்? டவுன்களில் இருக்கும் பல இடங்கள் சேகரிப்பு நிலையங்கள் மட்டும்தான். ரிப்போர்ட்டைப் போனுக்கு அனுப்பினாலும் ஒரு பிரின்ட் எடுத்துப் பைலில் வையுங்கள்.

ரிப்போர்ட் வரும்வரை வைத்தியர் ஒரு மருந்தைத் தொடங்கியிருப்பார். பொதுவாக நடக்கும் தவறு இங்கேதான்: கொஞ்சம் சுகமானதும் ரிப்போர்ட்டை எடுக்கவே போவதில்லை. சுகமானாலும் போய் எடுங்கள், அடுத்த முறைக்கு அதுதான் வழிகாட்டும்.

6. ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது

மேலே கிருமியின் பெயர் இருக்கும். கீழே மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகளில் ஒன்று. எஸ் என்றால் அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ இடைப்பட்டது. ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்று போட்டு, செபொக்சிட்டின் அல்லது ஒக்சசிலினுக்கு நேரே ஆர் இருந்தால் அது எம்.ஆர்.எஸ்.ஏ. செபொக்சிட்டின் உங்களுக்குக் கொடுக்கும் மருந்தல்ல, இந்த வகையைக் கண்டுபிடிக்கப் பாவிப்பது.

எஸ் இருக்கும் மருந்தைப் பார்த்து நீங்களே பாமசியில் போய் வாங்க வேண்டாம். எஸ் போட்டிருந்தாலும் அந்த இடத்துப் புண்ணுக்கு, உங்கள் சிறுநீரகத்துக்கு, உங்கள் மற்ற மருந்துகளுக்கு அது பொருந்துமா என்பது வேறு விஷயம். இலங்கையில் அன்டிபயோட்டிக்கை வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் விற்கவும் கூடாது.

7. மருந்து எடுக்கும் நாட்களில்

டொக்சிசைக்கிளின் தந்தால் நிறையத் தண்ணீரோடு, இருந்தபடி குடியுங்கள். குடித்த உடனே படுத்தால் தொண்டைக்குக் கீழே புண்ணாகும். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் ஒன்றாக எடுக்க வேண்டாம், வெயிலில் தோல் எளிதாகச் சிவக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோ-ட்ரைமொக்சசோல் எடுக்கும்போது தோலில் தடிப்பு, வாய்ப்புண் வந்தால் அடுத்த குளிசையை விழுங்காமல் உடனே காட்டுங்கள். கிளின்டமைசினில் வயிற்றோட்டம் கடுமையானால் காட்ட வேண்டும். லைனசோலிட் விலை கூடியது, இரண்டு கிழமைக்கு மேல் போனால் இரத்த அணுக்கள் குறையலாம். எப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுக்கச் சொன்னால் தவறாமல் எடுங்கள்.

வாட்டில் வைத்து வன்கொமைசின் ஏற்றுவதென்றால் அது மெதுவாக, ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டிய மருந்து. கழுத்தும் முகமும் சிவந்து கடித்தால் தாதியை உடனே கூப்பிடுங்கள். சேலைன் வேகத்தை நீங்கள் தொட வேண்டாம்.

எத்தனை நாள் என்று சொன்னார்களோ அத்தனை நாளும் எடுங்கள். மிச்சக் குளிசையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

8. வீட்டில் மற்றவர்களைக் காப்பது

புண்ணை எப்போதும் மூடி வையுங்கள். கசிவு கட்டுக்கு வெளியே வரக்கூடாது. கட்டு மாற்ற முன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டு 20 செக்கன் கை கழுவ வேண்டும். கழற்றிய கட்டை ஒரு பையில் போட்டு முடிந்துவிடுங்கள், நாய் கிளறும் இடத்தில் எறிய வேண்டாம்.

துவாய், சாரம், சவர அலகு, தலையணை உறை ஆளுக்கு வேறாக இருக்கட்டும். ஒரே சவர்க்காரக் கட்டியை எல்லோரும் பூசாமல் புண் உள்ளவருக்குத் தனியாக ஒன்று. அவருடைய துணியைச் சுடுதண்ணியில் துவைத்து நல்ல வெயிலில் முற்றாகக் காயப்போடுங்கள். வெயிலுக்கு வன்னியில் குறைவில்லை. அவர் அதிகம் தொடும் இடங்களை முதலில் சவர்க்காரத் தண்ணியால் துடைத்து, பிறகு ப்ளீச் கரைசலால் துடைக்கலாம். 5 சதவீத ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். மலசலகூடம் கழுவும் அசிட்டோடு ப்ளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். டெட்டோலையோ ஸ்பிரிட்டையோ திறந்த புண்ணில் ஊற்ற வேண்டாம், ஆறும் தசையும் சேர்ந்து கெடும்.

புண் ஆறும்வரை குளத்துக் குளிப்பும் வயலில் இறங்குவதும் வேண்டாம். சலூனில் புது அலகு போடச் சொல்லிக் கண்முன்னே மாற்றுவதைப் பாருங்கள். கரப்பந்து, உதைபந்து விளையாடும் பிள்ளைகள் ஒரே துவாயால் முகம் துடைப்பதை நிறுத்துங்கள். முழங்கால் உரசல் என்றாலும் கழுவி மூடி அனுப்புங்கள்.

இதற்காக ஒருவரை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. புண் மூடியிருந்தால் ஒன்றாக இருந்து சாப்பிடலாம், பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம், கோயிலுக்குப் போகலாம். அண்ணர் மருமக்களைத் தூக்கப் பயந்துகொண்டிருந்தார். கட்டு காய்ந்து மூடியிருக்க, கை கழுவிவிட்டுத் தாராளமாகத் தூக்கலாம் என்று தாதி சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. பால் கொடுக்கும் தாய்க்கு மார்பில் கட்டி வந்தால் தானாகப் பாலை நிறுத்த வேண்டாம், குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

9. செயற்கைக்கால், உடலில் நிற்கும் ஷெல் துண்டுகள், படுக்கைப் புண்

இந்த மூன்றும் வன்னியில் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். பொதுவான ஆலோசனைகளில் இவர்களைப் பற்றி ஒன்றும் இருப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செயற்கைக்கால் போடுபவர்கள் தினமும் இரவில் மொட்டை முனையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கண்ணாடி வைத்துப் பின்பக்கமும் பாருங்கள். காலுக்குள் போடும் காலுறையையும் உறையையும் தினமும் துவையுங்கள், மாற்றிப் போட இரண்டு மூன்று வைத்திருங்கள். சொக்கெட்டின் (மொட்டை முனை உள்ளே போகும் கிண்ணம்) உட்புறத்தை ஈரத்துணியும் சவர்க்காரமும் கொண்டு துடைத்து, இரவு முழுவதும் காயவிடுங்கள். சித்திரை வெயிலில் உள்ளே வேர்வை தேங்கும். மதியம் ஒருக்கால் கழற்றித் துடைத்துப் போடுவது பெரிய வித்தியாசம் தரும். கட்டி வந்துவிட்டால் ஆறும்வரை காலைப் போடாதீர்கள். வேலைக்காக அழுத்திப் போட்டு நடந்தால் ஒரு கிழமையில் ஆற வேண்டியது மாதங்களாகும். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்தால் சொக்கெட் அளவு சரியில்லாமல் உராய்கிறதா என்று கால் செய்யும் இடத்தில் காட்டுங்கள். மெலிந்தாலும் கொழுத்தாலும் பழைய அளவு பொருந்தாது. அண்ணருக்கு மருந்து மட்டும் போதவில்லை, சொக்கெட்டை மாற்றிய பிறகே கட்டி நின்றது.

ஷெல் துண்டு, சன்னம் உடலில் நிற்பவர்களுக்குப் பழைய தழும்பு திடீரென்று சிவந்தால், சிறு துவாரத்தால் சீழ் வடிந்தால் அதை மேல்புண் என்று நினைக்காதீர்கள். துண்டைச் சுற்றியோ எலும்புக்குள்ளோ தொற்று இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டி வரும், மருந்தும் கிழமைக்கணக்கில் போகும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உடலில் உலோகம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் வீட்டில் தேடி எடுத்துப் பைலில் வையுங்கள்.

முள்ளந்தண்டு பாதித்துப் படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். நோவு தெரியாததால் புண்ணின் மணமும் கசிவும் காய்ச்சலும்தான் அடையாளம். ஒவ்வொரு நாளும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது, மாற்றம் அவருக்குத்தான் முதலில் பிடிபடும்.

10. வாட்டில் நிற்கும்போது

கட்டிலின் காலடியில் கை தேய்க்கும் மருந்து தொங்கும். நோயாளியைத் தொட முன்னும் பின்னும் பாவியுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்க வேண்டாம், பக்கத்து நோயாளிக்கு உதவினால் கை கழுவிவிட்டு உங்கள் ஆளிடம் வாருங்கள். மருந்து கட்ட வருபவர் கை கழுவினாரா என்று தெரியாவிட்டால் மெதுவாகக் கேட்கலாம், நல்ல தாதி கோபிக்க மாட்டார். தேவையில்லாமல் கனூலா (மருந்து ஏற்ற நரம்பில் போடும் குழாய்) கையிலேயே நின்றால் "இது இன்னும் வேணுமா மிஸ்?" என்று கேளுங்கள். அந்த இடம் சிவந்தால் உடனே காட்டுங்கள்.

வீட்டுக்கு விடும்போது நோய் நிர்ணய அட்டையில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரக் கேளுங்கள், ரிப்போர்ட்டின் பிரதியையும் கேளுங்கள்.

11. திரும்பத் திரும்ப வந்தால்

ஒருவருக்கே பல தரம் வந்தால், அல்லது வீட்டில் ஒருவர் மாறி ஒருவருக்கு வந்தால், மூக்கிலும் தோலிலும் கிருமி தங்கியிருக்கலாம். அதை அகற்ற வைத்தியர் ஒரு ஒழுங்கு தருவார். வழக்கமாக 5 நாள் மியூப்பிரோசின் களிம்பை மூக்குத் துவாரங்களுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு தரம் பூசுவது, அதே நாட்களில் குளோர்ஹெக்சிடினால் உடம்பு கழுவுவது. கழுவும் மருந்து கண்ணுக்கும் காதுக்கும் போகக்கூடாது. இதைத் திறந்த புண் ஆறிய பிறகு தொடங்குவதே நல்லது. வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டும் என்று சொன்னால் ஒரே கிழமையில் செய்யுங்கள், அந்த 5 நாளும் துவாய், விரிப்பு, தலையணை உறையைத் தினமும் மாற்றுங்கள். ஒருவர் செய்து மற்றவர் செய்யாவிட்டால் வாங்கிய மருந்தின் காசு வீண். மியூப்பிரோசினை மாதக்கணக்கில் சும்மா பூசிக்கொண்டிருக்கவும் கூடாது, கிருமி அதற்கும் எதிர்ப்பு எடுத்துவிடும்.

சுகரைப் பார்க்காதவர்கள் இந்தக் கட்டத்தில் கட்டாயம் பாருங்கள். திரும்பத் திரும்பக் கட்டி வருவதே சிலருக்குச் சுகரின் முதல் அடையாளம்.

அடுத்து எந்த வைத்தியசாலைக்கு எதற்காகப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் பிள்ளைப்பேற்றுக்குப் போனாலும் சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்தாலும், "முன்னர் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தது, இதோ ரிப்போர்ட்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சத்திரசிகிச்சை என்றால் திகதிக்கு இரண்டு மூன்று கிழமை முன்னரே சொல்வது நல்லது. மூக்கில் பரிசோதித்து, தேவையென்றால் அந்த 5 நாள் ஒழுங்கை முடிக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.